மேடம் க்யூரியின் மாமனார்

"வீட்டையும் வேலையையும் எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?"

இந்தியாவில் எப்போது ராக்கெட் மேலே போனாலும் இந்தக் கேள்வியும் கூடவே கிளம்பிவிடும். ராக்கெட்டாவது சில சமயம் தாமதமாகும். கேள்வி தாமதமானதே கிடையாது!

2014 செப்டம்பர் 24-ஆம் தேதி மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தபோது, ஒரு புகைப்படம் உலகத்தையே சுற்றியது. ஞாபகம் இருக்கிறதா? பளபளவென்று புடவை, தலையில் பூ, முகமெல்லாம் சிரிப்பு... பெங்களூரு இஸ்ரோ அலுவலகத்தில் பெண்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்ட படம். 'பூ வைத்த விஞ்ஞானிகள்' என்று நாமும் கொண்டாடினோம். படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று பிற்பாடு இஸ்ரோ விளக்கம் சொன்னது.

அதற்காக அசடு வழியத் தேவையில்லை. அந்தத் திட்டத்தில் நிஜமாகவே பெண் விஞ்ஞானிகள் இருந்தார்கள். ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் என்று பெயர்கள் உண்டு. 2019-ல் சந்திரயான்-2 போனபோது திட்ட இயக்குநர், சென்னைப் பெண்ணான வனிதா. 2023-ல் சூரியனைப் பார்க்கக் கிளம்பிய ஆதித்யா எல்-1 திட்டத்துக்கு இயக்குநர், செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி.

இப்படி ஒருவர் மேலே வந்து பேட்டி கொடுக்க உட்கார்ந்ததும், நாலாவது கேள்வியாக நம் ஆள் ஆரம்பித்துவிடுவார். "வீட்டையும் வேலையையும்..."

அதே 2023-ல் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதே, அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். அவர் முன்னால் மைக்கை நீட்டி, "சார், நிலாவையும் வீட்டையும் எப்படி பேலன்ஸ் பண்றீங்க?" என்று ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும்? கேட்டவரை ஒரு மாதிரிதான் பார்ப்போம்.

கேள்வி தப்பு என்று சொல்லவில்லை. அது பாதிக் கேள்வி. மீதிப் பாதியையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இந்த வாரம் பேனாவைத் திறந்தேன்.

'பேலன்ஸ்' என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தராசு. ஒரு தட்டில் குக்கர், இன்னொரு தட்டில் மைக்ராஸ்கோப். நடுவில் முள் ஆடாமல் ஒரு பெண் தம் கட்டி நிற்க வேண்டும். நான் பி.காம். படித்தவன். எனக்கு பேலன்ஸ் என்றால் தராசு ஞாபகம் வராது, பேரேடுதான் ஞாபகம் வரும்.

முதல் வருடம் முதல் மாதமே இரட்டைப் பதிவு முறையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். 'பெறுபவர் கணக்கில் பற்று எழுது. தருபவர் கணக்கில் வரவு எழுது.' அவ்வளவுதான் சூத்திரம். உலகத்தில் எதுவும் சும்மா வராது. ஒருவர் கைக்கு ஒன்று வந்திருக்கிறதென்றால், இன்னொருவர் கையிலிருந்து அது போயிருக்கிறது. இரண்டு பக்கமும் எழுதினால்தான் கணக்கு டேலி ஆகும்.

நேரமும் அப்படித்தான். ஒரு விஞ்ஞானி ராத்திரி 11 மணி வரை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார் என்றால், அந்த நேரத்தை அவருக்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள். அவர் துணியை யாரோ துவைத்திருக்கிறார்கள். அவர் குழந்தைக்கு ஜுரம் வந்தபோது யாரோ விழித்திருந்தார்கள். யார் அந்த 'யாரோ'? அந்த வரவை நாம் எந்தப் பக்கத்தில் எழுதினோம்?

ஒரு கதை சொல்கிறேன். கதையல்ல, நடந்தது.

1897 செப்டம்பரில் பாரீஸில் மேரி க்யூரிக்கு முதல் குழந்தை பிறக்கிறது. ஐரீன் என்று பெயர். பிறந்த சில நாட்களிலேயே குழந்தையின் பாட்டி, அதாவது மேரியின் மாமியார், இறந்துபோகிறார். தாத்தா யூஜின் க்யூரி ஒரு டாக்டர். தனியாகிப்போன பெரியவர் மகன் வீட்டுக்கே வந்துவிடுகிறார். வந்தவர் சும்மா ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படிக்கவில்லை. பேத்தியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

1898 ஜூலையில் பொலோனியம் அறிவிப்பு. டிசம்பரில் ரேடியம். தேதிகளைக் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். உலகையே மாற்றிய அந்த வருடத்தில் வீட்டில் ஒரு கைக்குழந்தை! 1903-ல் நோபல். 1904-ல் இரண்டாவது பெண் பிறக்கிறாள். 1906-ல் கணவர் பியர் க்யூரி குதிரை வண்டியில் அடிபட்டு இறக்கிறார். மகன் போன பிறகும் பெரியவர் மருமகளோடுதான் இருந்தார். பேத்திகளை வளர்த்தார், படிக்க வைத்தார், செடி கொடிகளைக் காட்டிப் பாடம் சொன்னார். 1910-ல் இறந்தார். அடுத்த வருடம் மேரிக்கு இரண்டாவது நோபல். அந்தக் கைக்குழந்தை ஐரீன் வளர்ந்து 1935-ல் தானும் ஒரு நோபல் வாங்கினார்.

மாமனார்தான் க்யூரியை உருவாக்கினார் என்று சொன்னால் அது அநியாயம். அந்த மூளையும் பிடிவாதமும் மேரியினுடையவை. வீட்டில் ஆயாவும் உண்டு. ஆனால் ரேடியத்தின் பேரேட்டில் 'தருபவர்' பக்கத்தில் ஒரு வயசான டாக்டரின் பெயரும் இருக்கிறது. நம் பாடப் புத்தகங்களில் அது அச்சாவதில்லை.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரி. 1920-களின் கடைசி. இயற்பியல் வகுப்பில் சந்திரசேகர் என்று ஒரு மாணவர். ஒரு வருடம் பின்னால் அதே இயற்பியல் படித்த மாணவி லலிதா. அந்தக் காலத்தில் ஒரு பெண் இயற்பியல் படிப்பதே அபூர்வம். 1936-ல் இருவருக்கும் கல்யாணம். பிறகு அமெரிக்கா. சந்திரசேகர் நட்சத்திரங்களைப் பற்றி உட்கார்ந்து உட்கார்ந்து எழுதினார். 1983-ல் நோபல் வாங்கினார். மனைவியின் துணைதான் தன் வாழ்க்கைக்கு மையம் என்று அந்தச் சமயத்தில் அவரே எழுதினார். வரவை மறைக்காத மனிதர். லலிதா 2013 வரை, நூறு வயதைத் தாண்டியும் வாழ்ந்தார்.

அவர்கள் இருவரும் விரும்பி வாழ்ந்த வாழ்க்கை அது. அதில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் ஒன்று கவனியுங்கள். ஒரே கல்லூரி, ஒரே பாடம். ஒருவருடைய இயற்பியல் ஸ்டாக்ஹோம் வரை போயிற்று. இன்னொருவருடைய இயற்பியல் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. இது நமக்கு ஆச்சரியமாகவே படவில்லை, பார்த்தீர்களா? மாமனார் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்றால்தான் ஆச்சரியப்படுகிறோம்!

அதெல்லாம் பழங்கதை, இப்போ காலம் மாறிடுச்சு சார் என்பீர்கள். மாறியிருக்கிறது. எவ்வளவு என்று அளந்து பார்த்துவிடலாமே.

2024-ல் மத்திய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. நாட்டில் யார் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். ஆகா, 88 நிமிடமா என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாதீர்கள். இது வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டும்தான். செய்யாத மகானுபாவர்கள் இந்தச் சராசரியில் இல்லவே இல்லை. குழந்தையையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்கிற நேரமும் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

வித்தியாசம் 201 நிமிடம். வருடத்துக்குப் பெருக்கினால் 1,222 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் சுமார் 150 நாள். ஒரு பிஎச்.டி. முடிக்க ஐந்து வருடம் என்று வையுங்கள். 760 நாளுக்கு மேல் போகிறது. வருடத்துக்கு 300 வேலை நாள் என்றால் இரண்டரை வருடம்! இது ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன, வீட்டு வேலை செய்கிற பெண்களுக்குப் பொதுவான சராசரி. ஆராய்ச்சி செய்கிற பெண்ணுக்குக் கொஞ்சம் குறையலாம். பாதியாகவே குறைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஒன்றேகால் வருடம்.

சம்பளக்காரர்களுக்கு டி.டி.எஸ். தெரியும். பணம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொள்வார்கள். பெண்ணின் நேரத்திலும் அப்படி ஒரு பிடித்தம் இருக்கிறது. அவள் காலையில் கண் விழிக்கும்போதே 201 நிமிடம் கழித்துக்கொண்டுதான் அன்றைய நாள் அவள் கைக்கு வருகிறது. மிச்சத்தை வைத்துக்கொண்டு 'பேலன்ஸ்' செய்யச் சொல்லி அட்வைஸ். டைம் மேனேஜ்மென்ட் பற்றி ஒரு பயிலரங்கம். அதற்கும் அவள்தான் பர்மிஷன் போட்டுவிட்டுப் போக வேண்டும்!

எந்த வேலையிலும் இதுதானே, விஞ்ஞானத்துக்கு மட்டும் என்ன தனி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், உயிர்வேதியியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கண்ணாடித் தட்டில் செல்களை வளர்க்கிற வேலை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவற்றுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செருப்பு மாட்டும்போது மாமியார் கேட்டிருக்கிறார். "ஏம்மா, அந்த செல்லுக்கெல்லாம் ஞாயித்துக்கிழமை லீவு கிடையாதா?"

"அதுங்களுக்கு காலண்டர் தெரியாது அத்தை."

விஞ்ஞானத்தின் தனிக் கஷ்டம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஃபைலை மூடி வைத்தால் நாளைக்கும் அப்படியே இருக்கும். செல் இருக்காது, செத்துப்போகும். தொலைநோக்கியில் உங்களுக்கு ஒதுக்கிய ராத்திரி போனால் போனதுதான். இரண்டு வருடம் விலகி நின்றால், நீங்கள் செய்துகொண்டிருந்ததை வேறு ஒரு நாட்டில் வேறு ஒருவர் செய்து முடித்திருப்பார். இதெல்லாம் நெருக்கிப் பிடிக்கிற வயது எது தெரியுமா? 25-லிருந்து 35. பிஎச்.டி., அதன் பிறகு வெளிநாட்டில் ஒன்றிரண்டு வருட ஆராய்ச்சி, நிரந்தர வேலை தேடல் எல்லாம் அப்போதுதான். கல்யாணம், பிரசவம், "எப்பம்மா விசேஷம்?" எல்லாமும் அப்போதுதான். இரண்டு ரயிலுக்கும் ஒரே பிளாட்பாரம், ஒரே நேரம்.

விளைவு? இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் வாங்குகிறவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் பெண்கள். ஆராய்ச்சிப் பணியில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை என்கிறது 2018-ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கு. மீதிப் பேர் எங்கே போனார்கள்? மூளை இல்லாமலா போய்விட்டது? தங்க மெடல் வாங்கிய கைகள்தானே!

"யாரும் நிறுத்தச் சொல்லலை சார். அவளாத்தான் விட்டா."

இந்தப் பதிலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அது பொய்யும் இல்லை. அங்கேதான் சிக்கல்.

அந்த உயிர்வேதியியல் பெண்ணும் இரண்டாவது குழந்தைக்குப் பிறகு நிறுத்திவிட்டார். இப்போது ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறார். வருத்தமா என்று கேட்டேன். "இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "என் தம்பி ஐ.டி. வேலைய விடறேன்னு சொன்னப்ப வீட்ல மூணு நாள் பஞ்சாயத்து. ஏன், எதுக்குன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. நான் ஏழு வருஷ ஆராய்ச்சிய விட்டேன். ஒருத்தரும் ஏன்னு கேக்கல. பாயசம் வெச்சாங்க."

தத்துவப் பேராசிரியர்கள் சுதந்திரம், தேர்வு என்று தடித்தடியாகப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பாயசம் போதும். ஒரு முடிவு சுதந்திரமாக எடுத்ததா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதே முடிவுக்கு நேர் எதிரானதை எடுத்திருந்தால் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்திருக்கும்? வேலையை விட்டால் பாயசம். விடாவிட்டால் 'புள்ளைய விட்டுட்டு அப்படி என்ன ஆராய்ச்சி' என்ற பேச்சு. ஒரு கதவில் தோரணம், இன்னொரு கதவில் முள்வேலி. இரண்டும் திறந்துதானே இருந்தது என்கிறோம்.

இதற்கு நாம் வைத்திருக்கிற அழகான பெயர், தியாகம். தியாகம் பெரிய சொல், மறுக்கவில்லை. ஆனால் தன் கையில் இருப்பதைத்தான் ஒருவர் தியாகம் செய்ய முடியும். கைக்கு வருவதற்கு முன்பே எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் பிடித்தம். பிடித்தத்துக்குத் தியாகம் என்று பெயர் வைத்து மாலை போட்டுவிட்டால் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை. எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! மாலை விலை கம்மி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குழந்தையோடு இருப்பதுதான் எனக்கு வேண்டும் என்று மனசார முடிவெடுக்கிற பெண்ணும் உண்டு. அவரைப் 'படிப்பை வீணாக்கிட்டா' என்று பேசுவது அதே அளவு அராஜகம். பெண்கள் எல்லோரும் ஆய்வுக்கூடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பதல்ல வாதம். நேரம் முழுசாக அவள் கைக்கு வரட்டும். அதை என்ன செய்வது என்று அவள் பார்த்துக்கொள்வாள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2017-ல் பிரசவ விடுப்பை 26 வாரமாக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். யு.ஜி.சி. 2016-ல் பிஎச்.டி. பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதல் அவகாசமும், 240 நாள் வரை பிரசவ, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் கொடுத்தது. இடையில் நின்றுபோன பெண்கள் மறுபடி ஆராய்ச்சிக்கு வர, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-லேயே ஒரு திட்டம் ஆரம்பித்தது. எத்தனையோ பேருக்கு இவை கை கொடுத்திருக்கின்றன. நல்ல விஷயம்.

ஆனால் என் காமர்ஸ் கண்ணுக்கு இவையெல்லாம் ரீஃபண்ட் மாதிரித் தெரிகின்றன. பிடித்ததில் கொஞ்சம் திருப்பித் தருகிறார்கள். பிடிப்பதை நிறுத்தவில்லை. நான் மேலே போட்ட கணக்கில் இரண்டரை வருடம் வந்ததே, யு.ஜி.சி. தருகிற கூடுதல் அவகாசம் இரண்டு வருடம். கிட்டத்தட்டச் சரியாகத்தான் ரீஃபண்ட் வருகிறது!

இன்னொன்றைப் பாருங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள். 2008-ல் வந்தபோது பெண்களுக்கு மட்டும். 2018-ல் ஆண்களுக்கும் நீட்டித்தார்கள். எந்த ஆண்களுக்கு? மனைவி இல்லாமல் தனியாகக் குழந்தை வளர்ப்பவர்களுக்கு. வீட்டில் ஒரு பெண் இருக்கும்வரை, ஆணுக்குக் குழந்தையைப் பராமரிக்கும் அவசியமே வராது என்பது விதியின் நம்பிக்கை. மற்றபடி குழந்தை பிறந்தால் அப்பாவுக்கு 15 நாள். இப்படி ஒரு பக்கம் 26 வாரம், மறுபக்கம் 15 நாள் என்று இருந்தால், தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் யாரைப் பார்த்து, "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பார்?

ஜெர்மனியில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்று ஒரு அம்மா. பழ ஈக்களை வைத்து, ஒரு கரு எப்படி உருவெடுக்கிறது என்று ஆராய்ந்து 1995-ல் மருத்துவத்துக்கான நோபலைப் பகிர்ந்துகொண்டவர். அவர் 2004-ல் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார். குழந்தை உள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்குப் பணம் தருவார்கள். எதற்கு? மைக்ராஸ்கோப் வாங்க அல்ல. வீட்டு வேலைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் ஆள் வைக்க! ஆராய்ச்சிக்கு முதல் தேவை பாத்திரம் தேய்க்காத ஒரு மணி நேரம் என்று நோபல் வாங்கியவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஊரிலும்தான் ஆள் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. பெரும்பாலும் அந்த ஆள், பெண்ணைப் பெற்ற அம்மா. இல்லாவிட்டால் மாமியார். 62 வயசில், முட்டி வலியோடு பேரனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவர். அதுவும் இல்லாவிட்டால் வேலைக்கார அம்மா. அவருடைய சொந்தக் குழந்தையை அந்த நேரத்தில் பார்த்துக்கொள்வது, பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய அவருடைய மூத்த பெண். கவனித்தீர்களா? கணக்கு நேராகவில்லை. கடன் ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து இன்னொரு பெண்ணின் பக்கத்துக்கு மாறியிருக்கிறது. ஒரு பெண் விஞ்ஞானி ஆவதற்கு இன்னொரு சிறுமி வாய்ப்பாட்டை விட வேண்டும் என்றால், அதில் நியாயம் எங்கே இருக்கிறது?

அதனால்தான் அந்தப் பிரெஞ்சு மாமனார் எனக்கு முக்கியமாகப் படுகிறார். அவர் கடனைக் கை மாற்றவில்லை. தானே சுமந்தார். உதவி என்ற பெயரில் செய்யவில்லை. தன் வீட்டு வேலை என்று செய்தார். 'வைஃபுக்கு ஹெல்ப் பண்றேன்' என்று சொல்கிற நல்ல கணவர்களுக்கு இது புரிய வேண்டும். ஹெல்ப் என்பது அடுத்தவர் வேலையில் செய்வது. தன் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பதற்குப் பெயர் ஹெல்ப் இல்லை.

பேட்டியின் நாலாவது கேள்வியைக் கேட்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். கேளுங்கள். பெண்ணிடமும் கேளுங்கள், ஆணிடமும் கேளுங்கள். வார்த்தையை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். 'எப்படிச் சமாளிக்கிறீங்க' வேண்டாம். 'உங்க நேரத்தை உங்களுக்கு யார் குடுத்தாங்க?'

ராக்கெட் விடுகிறவர்களை மட்டும்தான் கேட்க வேண்டும் என்று இல்லை. இந்தப் பக்கத்தை நிம்மதியாக உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படிக்க உங்களுக்கு ஒரு பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது. இந்தப் பத்து நிமிடத்தில் வீட்டில் வேறு யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தலையைத் தூக்கி ஒரு முறை பார்த்துவிடுங்கள். வரவு வைக்க வேண்டிய பெயர் அங்கேதான் எங்கேயோ நின்றுகொண்டிருக்கும்.